நாலாவது காம்பு

மந்தைவெளியில் இன்றைக்கு மந்தையும் கிடையாது, வெளியும் கிடையாது. ஆனால் மாடு உண்டு. நம்பாதவர்கள் பஸ் டிப்போவுக்குப் பின்பக்கம் போய்ப் பார்க்கட்டும். அடுக்குமாடிக் கட்டடங்களின் முதுகுக்குப் பின்னால், ஒரு ஆட்டோ உள்ளே வந்தால் இன்னொன்று பின்வாங்க வேண்டிய சந்துகளில், தகரக் கூரை போட்ட மாட்டுக் கொட்டகைகள் இன்னும் இருக்கின்றன. பாக்கெட் பால் என்றாலே முகம் சுளிக்கிற மயிலாப்பூர் வீடுகளுக்குக் கறந்த பால் அங்கிருந்துதான் போகிறது.

டாக்டர் எஸ்தருக்கு அந்தச் சந்துகள் அத்தனையும் அத்துப்படி. அவள் நொச்சிக்குப்பத்துக்காரி. அம்மா ரோட்டோரம் மீன் விற்றுத்தான் அவளைப் படிக்கவைத்தாள். அந்தக் குப்பத்திலிருந்து மாட்டு டாக்டருக்குப் படித்த முதல் பெண் அவள்தான். முதன்முதலாக ஊசிப் பெட்டியோடு கொட்டகை வாசலில் வந்து நின்றபோது, மீன் நாத்தம் பட்டால் மாடு பால் இறக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அப்படி அனுப்பிய ஆட்களே இரண்டு வருஷத்தில், கன்று வயிற்றுக்குள் குறுக்கே விழுந்து பசு உயிருக்குப் போராடிய ஒரு நாளில், டாக்டரம்மா எங்கே என்று குப்பம் முழுக்கத் தேடினார்கள்.

அவள் ஊரைக் கூட்டி எதிர்த்தது ஒரே ஒரு விஷயத்தை. பட்டணத்துக் கொட்டகையில் கன்றுக்குட்டி என்றால் தண்டச்சோறு. காளைக் கன்று என்றால் கேட்கவே வேண்டாம். மடியில் ஒரு நிமிஷம் முட்டவிட்டு, பால் இறங்கியதும் பிடித்து இழுத்துத் தள்ளிக் கட்டிவிடுவார்கள். பிறகு நாலு காம்பையும் ஒட்டக் கறந்துவிடுவார்கள். கன்று பத்து நாள் கத்தும், இருபது நாள் கத்தும், அப்புறம் கத்தாது. செத்த கன்றின் தோலை உரித்து, உப்புப் போட்டுக் காயவைத்து, உள்ளே வைக்கோலைத் திணித்து, மூங்கில் குச்சிகளைக் காலாக வைத்துத் தைத்துப் பசுவின் முன்னால் நிறுத்திவிடுவார்கள். தாய் அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கிவிடும். அந்த வைக்கோல் கன்றைப் பார்த்தாலே எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கோர்ட்டு, கேஸு என்று அவள் போகவில்லை. நாலில் ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிடு, அவ்வளவுதான் என்றாள். ஒன்பது வருஷம் அதையே சொன்னாள். ஒத்துக்கொண்ட கொட்டகையின் கதவில் வெள்ளைப் பெயின்டால் மூன்று நீளக் கோடும் ஒரு குட்டைக் கோடும் போடுவாள். மூன்று உனக்கு, ஒன்று அதற்கு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, கன்றைத் தூக்கி எடை பார்த்து, கோட்டைப் புதுப்பித்துத் தேதி எழுதிவிட்டுப் போவாள். கோடு போட்ட கொட்டகைப் பால்தான் எங்காத்துக்கு வரணும் என்று மாமிகள் பிடிவாதம் பிடிக்க ஆரம்பித்ததும் பால்காரர்கள் தாங்களாகவே வந்து கோடு கேட்டார்கள். இந்த வருஷத் தொடக்கத்தில் நாற்பத்து மூன்று கொட்டகைகளில் கோடு இருந்தது. நாட்டிலேயே இப்படி ஒன்றை முதலில் செய்தவள் என்று பத்திரிகைகள் எழுதின. தி.நகரில் ஒரு சபாவில் முன்னோடிப் பெண்மணி என்று பட்டம் கொடுத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

இதெல்லாம் பிப்ரவரி வரைக்கும்.

ஏப்ரலில் ஒரு வியாழக்கிழமை சுப்பராயன் போன் செய்தார். சந்தின் கடைசியில் இருக்கும் ஒற்றை மாட்டுக் கொட்டகை அவருடையது. அவரும் மனைவி வேலம்மாவும் கஸ்தூரி என்கிற செவலைப் பசுவும்தான் அங்கே மொத்தக் குடும்பம். எஸ்தர் போனபோது சுப்பராயன் கொட்டகைக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே நிழல் இருக்கையில் அறுபது வயது மனுஷன் எதற்கு வெயிலில் நிற்க வேண்டும்? மடிநோயா நைனா என்று எஸ்தர் கேட்டாள். பால் கேனைக் கழுவிக்கொண்டிருந்த வேலம்மாதான் பதில் சொன்னாள்.

"மத்தியானம் மூணு காம்பு கறக்கறேன், நாலாவத விட்டுடறேன். சாயந்திரம் போய்த் தொட்டா அது காலியாக் கீது. பதினோரு நாளா இதே கதை."

"கன்னு குடிச்சிருக்கும்க்கா."

"கன்னு செத்து ரெண்டு மாசம் ஆவுது."

எஸ்தர் உள்ளே எட்டிப் பார்த்தாள். கஸ்தூரிக்கு எதிரே சுவரோரம் வைக்கோல் கன்று நின்றது. காளைக் கன்றின் தோல், நெற்றியில் வெள்ளைச் சுழி. வாயைச் சாக்கு நூலால் தைத்திருந்தார்கள். கண் இருந்த இடத்தில் தோல் சுருங்கி மூடியிருந்தது. என் கோடு போட்ட கொட்டகையிலா இதை வைத்திருக்கிறீர்கள் என்று அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. திட்டித் தீர்த்தாள். சுப்பராயன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். கன்றே இல்லாதபோது ஒரு காம்பை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டபோதுதான் வேலம்மா கேனைக் கீழே வைத்தாள்.

"உசுரோட இருந்தப்ப அதுக்குக் குடுக்கல, டாக்டரம்மா. நாலையும் கறந்துட்டோம். செத்த அப்பால இவுருக்கு மனசு கேக்கல. அதுக்குன்னு ஒண்ணு வுடுன்னாரு. பதினோரு நாளா வுட்டுக்கினு கீறோம்."

எப்போது செத்தது என்று எஸ்தர் கேட்டாள். பிப்ரவரி பதினாறு என்றாள் வேலம்மா. எஸ்தர் திரும்பிக் கதவைப் பார்த்தாள். மூன்று நீளக் கோடு, ஒரு குட்டைக் கோடு, பக்கத்தில் அவள் கையெழுத்திலேயே பிப்ரவரி ஒன்பது என்று தேதி.

அன்றைக்கு நடந்ததை மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்றைக்குத்தான் தி.நகர் சபாவில் விழா. அரக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பியவள், இந்த ஒரு கோடு பாக்கி இருக்கிறதே, போகிற வழியில் முடித்துவிடலாம் என்று வந்தாள். கொட்டகைத் தரையெல்லாம் சாணிச் சேறு. உள்ளே கால் வைத்தால் புடவை போய்விடும். வாசலில் நின்றபடியே காதைத் தீட்டினாள். உள்ளே கன்று விடாமல் கத்திக்கொண்டிருந்தது. கத்துகிறதே, அப்படியென்றால் உயிரோடுதான் இருக்கிறது என்று கோட்டைப் போட்டுத் தேதி எழுதிவிட்டு வண்டியைக் கிளப்பினாள். பசித்த கன்று எப்படிக் கத்தும் என்று இருபது வருஷமாக மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவள் அவள். அன்றைக்கு அவளுக்கே அது காதில் ஏறவில்லை.

எஸ்தர் இதை வேலம்மாவிடம் சொல்லவில்லை. யாராவது திருடுகிறார்கள், கண்டுபிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு நகரப் பார்த்தாள். ஆனால் விஷயம் ஏற்கெனவே சந்து தாண்டிப் போயிருந்தது. பால்காரர் சங்கத்துச் செயலாளர் சக்திவேல் அதற்குள் வந்து நின்றார். நல்ல மனுஷன், எஸ்தருக்கு முதலில் கோடு போட இடம் கொடுத்தவர். பெரிய பேஜாரா ஆயிடுச்சும்மா என்றார் அவர். ஒரு காம்பை விட்டுவைத்தால் பேய் வந்து குடிக்கிறது, நாலையும் கறந்துவிட்டால் அதற்கு இங்கே என்ன வேலை என்று கொட்டகைக்குக் கொட்டகை பேச்சாம். ஞாயிற்றுக்கிழமை காலை சங்கம் கூடுகிறது. குடிப்பது என்ன என்று டாக்டரம்மா அதற்குள் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் நாற்பத்து மூன்று கதவுகளிலும் கோட்டை அழித்துவிடுவார்கள். சுப்பராயன் அந்த மாட்டோடு இனி இருக்க முடியாது என்று சொல்லிவிட்டார். திங்கட்கிழமை அடிமாட்டு வண்டி வந்து கஸ்தூரியை ஏற்றிக்கொண்டு போய்விடும்.

நாற்பத்து மூன்று கொட்டகைகளில் கன்றுகளின் வயிறும் ஒரு பசுவின் உயிரும் மூன்று நாளில் தொங்கின. எஸ்தர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள். கறக்கும் முன்பு மடியைத் தொட்டுப் பார்த்தாள். நாலும் நிறைந்திருந்தன, நோயில்லை, வீக்கமில்லை. பசுக்களில் சிலது தன் மடியில் தானே குடிக்கும். அது நடக்காதபடி கஸ்தூரியின் கழுத்தில் கட்டை கட்டினாள். வேலம்மா மூன்று காம்பைக் கறந்து முடித்ததும், நாலாவதில் புண்ணுக்குப் போடுகிற ஊதா மருந்தைப் பஞ்சால் தடவினாள். எது வாய் வைத்தாலும் அந்த வாயில் ஊதா ஒட்டும், ஒரு வாரத்துக்குப் போகாது. வைக்கோல் கன்றை மாட்டிடமிருந்து நாலு முழம் தள்ளி, எதிர்ச் சுவரில் சாய்த்து வைத்தாள். பின்பக்கத் தகரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தாள். இல்லை. கதவைச் சாத்தி, வேலம்மாவையும் வெளியே அனுப்பிவிட்டு, கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

மணி இரண்டேகால். தகரக் கூரை வெயிலில் படபடவென்று வெடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடத்தில் யாரோ மிக்சி போட்டார்கள். சந்தில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. இத்தனை வெளிச்சத்தில், இத்தனை சத்தத்தில் எந்தப் பேய் வரும் என்று எஸ்தர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கஸ்தூரி அசைபோட்டுக்கொண்டிருந்தது.

மூன்று மணிக்கு அசைபோடுவது நின்றது.

பசு தலையை நிமிர்த்தி மெல்ல ஒரு குரல் கொடுத்தது. கன்று ஈன்ற பசு கன்றிடம் மட்டும் கொடுக்கிற குரல் அது, வாயைத் திறக்காமல் தொண்டைக்குள்ளேயே. எஸ்தர் அதை ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். பிறகு அது பின்னங்காலை அகட்டிக்கொண்டது. மடி ஒரு தடவை மேலே தூக்கி இறங்கியது. கன்று முட்டும்போது அப்படித்தான் தூக்கி இறங்கும். ஊதா பூசிய காம்பு மட்டும் நீண்டது, சுருங்கியது, மறுபடி நீண்டது. அங்கே ஒன்றும் இல்லை. எஸ்தர் கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தாள், அங்கே ஒன்றும் இல்லை. ஆனால் சப்புகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. அவசரம் அவசரமாக, மூச்சு வாங்கி வாங்கி, யாராவது பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து குடிக்கிற சத்தம்.

எழுந்து ஓடத்தான் அவள் நினைத்தாள். ஆனால் பக்கெட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். கஸ்தூரி தன் நாக்கை நீட்டிக் காற்றில் எதையோ நக்கிக்கொண்டிருந்தது. கழுத்துக் கட்டை இடித்ததால் அதற்கு எட்டவில்லை. எட்டாத இடத்தைப் பார்த்து நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது. எஸ்தருக்குப் பயத்தையும் மீறி அழுகை வந்தது.

சத்தம் நின்றதும் அவள் எழுந்தாள். காம்பைத் தொட்டாள். காலி. ஊதா மருந்தில் பாதி போயிருந்தது. மாட்டின் நாக்கைப் பிடித்துப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. பிறகு மெதுவாக எதிர்ச் சுவருக்குப் போனாள். வைக்கோல் கன்று வைத்த இடத்தில் வைத்தபடியே சாய்ந்திருந்தது. குச்சிக் கால்களுக்குக் கீழே தூசிகூடக் கலையவில்லை. தைத்த உதடு முழுக்க ஊதா.

பெட்டியிலிருந்து கத்தரியை எடுத்தாள். வேண்டாம் என்று மனசு கத்தியது. ஆனாலும் சாக்கு நூலை ஒவ்வொரு தையலாக வெட்டி, வாயைப் பிரித்து, விரலை உள்ளே விட்டாள். வைக்கோல் நனைந்திருந்தது. இளஞ்சூடாக, மடிச் சூட்டோடு நனைந்திருந்தது. விரலை வெளியே எடுத்து முகர்ந்தாள். பால்தான்.

அவள் கதவைத் திறந்து வெளியே வந்தபோது சக்திவேல் சந்தில் காத்திருந்தார். முகத்தைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. என்ன பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்க விரும்பவும் இல்லை என்று தோன்றியது. அவளைத் தனியாகக் கூட்டிப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"சாரைப்பாம்புன்னு சொல்லிடுங்கம்மா. பாம்பு வந்து குடிச்சிட்டுப் போவுதுன்னு சொன்னா அத்தினி பேரும் ஒத்துக்குவான். மாடும் பொழைக்கும், உங்க கோடும் பொழைக்கும்."

பாம்புக்குச் சப்பிக் குடிக்கிற வாயே கிடையாது என்று இதே சந்தில் படம் போட்டுக் காட்டியவள் எஸ்தர். அப்போது ஒருத்தரும் நம்பவில்லை. இப்போது அவள் வாயால் பாம்பு என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், நம்பக் காத்திருக்கிறார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். யோசிக்க என்ன இருக்கிறது என்று சக்திவேல் முணுமுணுத்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். பொய் சொன்னால் எல்லாம் பிழைக்கும், எஸ்தரின் பெயரும் சேர்த்து.

ஞாயிறு காலை பதினோரு மணிக்குச் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுச் சங்கம் கூடியது. மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வந்திருந்தார்கள். பலரும் மனைவிமாரையும் அழைத்து வந்திருந்தார்கள். இரண்டு பேர் கையில் தின்னர் டப்பா இருந்தது, கோட்டை அழிக்கத் தயாராக. சக்திவேல் எழுந்து, டாக்டரம்மா ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று ஆரம்பித்து, அவள் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டினார். சொல்லுங்கள் என்று அர்த்தம்.

எஸ்தர் வாயைத் திறந்தாள். பாம்பு என்கிற சொல் நாக்கு நுனியில்தான் இருந்தது. எதிரே வேலம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் எஸ்தரைப் பார்க்கவில்லை. மடியில் வைத்திருந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கறக்கிற கையை.

"கன்னுதான் குடிக்குது," என்றாள் எஸ்தர். "பசியோட செத்துச்சு, இப்போ குடிக்குது. பிப்ரவரி ஒம்பதாந்தேதி நான் இந்த வாசல்ல நின்னேன். உள்ள அது கத்துச்சு. புடவை அழுக்காவும்னு நான் உள்ள போவல. உள்ள போயிருந்தா அது பொழைச்சிருக்கும்."

சக்திவேல் நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்டுவார்கள், சிரிப்பார்கள், பட்டத்தைக் குப்பையில் போடு என்பார்கள் என்று எஸ்தர் எதிர்பார்த்தாள். அதெல்லாம் நடக்கவில்லை. தின்னர் டப்பா வைத்திருந்தவர் அதை மூடிப் பைக்குள் போட்டுக்கொண்டார். ஒவ்வொருவராக எழுந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போனார்கள். சுப்பராயன் மட்டும் கொட்டகைக்குள் போனார். இரண்டு வாரத்தில் அவர் உள்ளே கால் வைத்தது அதுதான் முதல் தடவை. திங்கட்கிழமை வந்த வண்டியை வேலம்மா சந்து முனையிலேயே திருப்பி அனுப்பினாள்.

ஒரு கோடும் அழியவில்லை. அழிவது என்ன, அத்தனை பேரும் அந்த ஞாயிறு மத்தியானத்திலிருந்தே ஒரு காம்பை விட ஆரம்பித்தார்கள். இத்தனை நாள் நிஜமாகவே விட்டவர்களும் விட்டார்கள், கோட்டைக் காட்டி ஏமாற்றிக்கொண்டிருந்தவர்களும் விட்டார்கள், கன்றே இல்லாதவர்களும் விட்டார்கள். ஒன்பது வருஷம் தொண்டை வற்றப் பேசி நடக்காதது ஒரு பயத்தில் நடந்துவிட்டது. நடந்தால் சரிதானே என்று எஸ்தர் மனசைத் தேற்றிக்கொண்டாள். தப்பு செய்தேன், ஒப்புக்கொண்டேன், ஒரு கன்றோடு போயிற்று என்று நினைத்தாள். உண்மையில், கொட்டகைகள் கூடக்கூட, பேட்டியும் விழாவும் கூடக்கூட, கன்றைத் தூக்கிப் பார்ப்பது குறைந்து எட்டிப் பார்ப்பதாகி, எட்டிப் பார்ப்பதும் குறைந்திருந்தது. அதை அவள் எண்ணிப் பார்க்கத் துணியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு முதல் போன் வந்தது. அடையாற்றிலிருந்து ஒரு பால்காரர். எங்க கொட்டாய்லயும் காலியாக் கீதும்மா என்றார். அவர் போனை வைப்பதற்குள் மயிலாப்பூரிலிருந்து இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். குரலில் சண்டையோ குற்றச்சாட்டோ இல்லை. கொட்டகை இருக்கிற இடத்தைச் சொன்னார்கள், அவள் கேட்காமலே கன்று செத்த மாதத்தைச் சொன்னார்கள், வைத்துவிட்டார்கள். முதலில் எஸ்தர் ஒரு தாளில் குறித்துக்கொண்டு வந்தாள். பதினெட்டாவதோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எல்லாம் அவள் கோடு போட்ட கதவுகள்.

ஏழு மணிக்குச் சக்திவேல் கூப்பிட்டார்.

"உங்களுக்குமா?" என்றாள் எஸ்தர்.

"நானும் ஒண்ணுதாம்மா வுட்டேன். மூணு கறக்கலாம்னு உக்காந்தா, மூணும் காலியாக் கீது. எனக்குன்னு ஒண்ணு மட்டும் வுட்டு வச்சிருக்குதுங்க."

"எத்தினி கன்னு?"

"மூணு வருசத்துல மூணு," என்றார் சக்திவேல். "ஒவ்வொரு தபாவும் நீங்க வாசல்ல நின்னுதாம்மா கோடு போட்டீங்க. நானும் உள்ள வாங்கன்னு கூப்புடல."